பின்லாந்து அஞ்சலட்டைகள்: ஒரு வேலூர்க்காரரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசை இழுப்பறையில் நூற்று நாற்பது சொச்சம் அஞ்சலட்டைகள் இருக்கின்றன. எல்லாம் பின்லாந்திலிருந்து வந்தவை. வீட்டுக்கு வரும் உறவினர், உடன் வேலை பார்ப்பவர்கள், தெருத் தபால்காரர் என்று யார் பார்த்தாலும் அநேகமாக அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

பின்லாந்தில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?

ஒருவரும் இல்லை. நான் அந்த நாட்டுக்குப் போனதும் இல்லை. அட்டைகளை அனுப்பியவர்கள் எல்லோரும் முன்பின் தெரியாதவர்கள். அவர்களில் பெரும்பாலோரிடமிருந்து வந்தது ஒரே ஓர் அட்டை, அதோடு சரி.

பிறகு எப்படி வருகிறது?

போஸ்ட்கிராசிங் என்ற அட்டைப் பரிமாற்றத்தின் வழியாக. போர்ச்சுகல் நாட்டில் மாணவராக இருந்த பாவ்லோ மகல்யாயிஷ் 2005 ஜூலை 14 அன்று இதைத் தொடங்கினார். (உலகைச் சுற்றக் கப்பலேறிய மெகல்லனின் குடும்பப் பெயரும் இதுதான். பெயர்ப் பொருத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.) ஓய்வு நேரப் பொழுதுபோக்காக ஆரம்பித்தது, இன்று ஏழு கோடி அட்டைகளைத் தாண்டிவிட்டது.

உறுப்பினராகப் பதிந்துகொண்டு ஒரு முகவரி கேட்டால், உலகின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவரின் முகவரியும் ஓர் அடையாள எண்ணும் கிடைக்கும். நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் அவற்றையடுத்து ஓர் எண்ணும். அவ்வளவுதான் அந்த அடையாளம். அதை அட்டையில் எழுதி அனுப்புகிறீர்கள். அட்டை போய்ச் சேர்ந்ததும் அவர் அந்த எண்ணைப் பதிவு செய்வார். உடனே உங்கள் முகவரி, அடுத்து முகவரி கேட்கும் யாரோ ஒருவருக்குப் போகும். நீங்கள் அனுப்பியவர் உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, அனுப்புவது மூன்றாமவர். மொய் மாதிரிதான், ஒரு வீட்டில் எழுதினால் வேறொரு வீட்டிலிருந்து திரும்பி வரும்.

தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகள்தான் வழியில் இருக்கலாம். அனுப்ப அனுப்ப அந்த வரம்பு உயர்ந்துகொண்டே போகும்.

எனக்குப் பின்லாந்து அட்டைதான் வேண்டும் என்று கேட்க முடியுமா?

முடியாது. முகவரி குலுக்கல் முறையில்தான் விழும். முதல் வருடம் எனக்கு ஜெர்மனியும் அமெரிக்காவும் மாறி மாறி வந்தன. ஆனால் ஏறக்குறைய 56 லட்சம் மக்களே உள்ள பின்லாந்து, இந்தப் பரிமாற்றத்தில் தன் உருவத்துக்கு மீறிய இடத்தைப் பிடித்திருக்கிறது. அங்கே இது வயது வித்தியாசமில்லாத பொழுதுபோக்கு. 2011இல் நெதர்லாந்து அஞ்சல் துறை முதன்முதலாகப் போஸ்ட்கிராசிங்குக்கென்றே அஞ்சல்தலை வெளியிட்டது. 2013இல் பின்லாந்தும் வெளியிட்டது. ஆகவே பொறுமை இருந்தால் தானாகவே வரும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு நேரடிப் பரிமாற்றம் இருக்கிறது. நம் அறிமுகக் குறிப்பில் அதற்குச் சம்மதம் தெரிவித்துவிட்டால், அதேபோல் சம்மதித்த பின்லாந்துக்காரர் ஒருவருடன் பேசி, அட்டைக்கு அட்டை மாற்றிக்கொள்ளலாம். என்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் அப்படி வந்தவைதான். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: குலுக்கலில் வந்த அட்டையைக் கையில் எடுக்கும்போது இருக்கும் பரபரப்பு, பேசி வைத்து வாங்கிய அட்டையில் இல்லை.

உலகத்தில் அத்தனை நாடுகள் இருக்க, ஏன் பின்லாந்து?

நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு வந்த மூன்றாவது அட்டை ஔலு நகரத்திலிருந்து வந்தது. முன்பக்கத்தில் உறைந்த கடல், அதன்மேல் ஒருவர் சைக்கிள் ஓட்டிப் போகிறார். பின்பக்கத்தில் நீல மையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில், நான்கு வரி ஆங்கிலம். முதல் வரி: 'இங்கே இப்போது மைனஸ் 24. வேலைக்கு நடந்துதான் போனேன்.' வேறெதுவும் முக்கியமில்லை என்பதுபோல அடுத்த வரியில் தன் பூனையைப் பற்றி எழுதியிருந்தார். அந்த அட்டை என் கைக்கு வந்தது ஏப்ரல் மாதம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 'வெயிலூர்' என்று ஊரே கேலி செய்கிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மைனஸ் 24 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். எனக்கு வந்த பின்லாந்து அட்டைகளில் முக்கால்வாசியில் வெப்பநிலை இருக்கிறது. நாம் 'சாப்பிட்டாச்சா' என்று தொடங்குகிற மாதிரி அவர்கள் டிகிரியில் தொடங்குகிறார்கள். என் அட்டைகளை ஊர் வாரியாகவோ தேதி வாரியாகவோ நான் அடுக்கவில்லை. பின்பக்கத்தில் எழுதிய வெப்பநிலைப்படிதான் அடுக்கியிருக்கிறேன். கடைசியில் இருப்பது ஒரு ஜூலை மாத அட்டை: 'தாங்க முடியாத வெயில், 29 டிகிரி, தூங்கவே முடியவில்லை.' எங்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டியபோது அம்மா, "பாவம், அந்தப் பிள்ளைக்கு மோர் கொடுக்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

பின்லாந்தில் பேசும் பின்னிய மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு என்கிறார்களே, உண்மையா?

அஞ்சலட்டைக்கு அப்பாற்பட்ட கேள்விதான், ஆனாலும் இதை யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. கால்டுவெல் 1856இலேயே திராவிட மொழிகளைப் பின்னிய மொழி அடங்கிய குடும்பத்தோடு ஒப்பிட்டார். உறவு இருப்பதாக இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. ஒற்றுமை மட்டும் கண்ணில் படும். நம்மைப் போலவே அவர்களும் சொல்லின் வாலில் உருபைச் சேர்க்கிறார்கள். வீடு 'தலோ', வீட்டில் 'தலோஸ்ஸா', வீட்டிலிருந்து 'தலோஸ்தா'. கேள்வி கேட்க நாம் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் 'கோ' சேர்க்கிறார்கள்: 'ஓன்' என்றால் இருக்கிறது, 'ஓன்கோ' என்றால் இருக்கிறதா.

உறவு வேறொரு வகையில் உண்டு. சிந்துவெளி எழுத்தைத் திராவிட மொழியாகப் படிக்க வாழ்நாளைச் செலவிட்ட அஸ்கோ பர்போலா ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்துக்காரர். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் அவருக்கு விருது அளித்தார்கள். இதை ஓர் அட்டையில் எழுதி அனுப்பினேன். 'எங்கள் நாட்டில் எனக்கே தெரியாத ஒருவரை உங்கள் ஊரில் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்' என்று பதில் வந்தது.

இங்கிருந்து நாம் என்ன அட்டை அனுப்புவது? ஐம்பது காசு கார்டு போதுமா?

போதாது. ஐம்பது காசு அஞ்சலட்டை உள்நாட்டுக்கு மட்டும். வெளிநாட்டுக்குப் பட அட்டை வாங்கி, அதற்கான கட்டணத்துக்கு அஞ்சல்தலை ஒட்ட வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் தலைமை அஞ்சலகக் கவுண்டரில் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். 'வெளிநாட்டுக்கு, விமான அஞ்சல், உறை இல்லாத அட்டை' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உறைக்கான கட்டணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

பட அட்டைக்குத்தான் நம் ஊரில் பஞ்சம். மாமல்லபுரத்திலும் தஞ்சாவூரிலும் சுற்றுலாக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பழைய அச்சு, நிறம் வெளுத்தவை. நான் செய்வது இது: வேலூர்க் கோட்டை அகழியையும், எங்கள் தெரு முனைப் பூக்கடையையும், மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசிய காளையையும் நானே படமெடுத்து, கனமான அட்டையில் நான்குக்கு ஆறு அங்குல அளவில் அச்சடித்துக்கொள்கிறேன். உலக அஞ்சல் ஒன்றியத்தின் அளவு வரம்புக்குள் (குறைந்தது 90க்கு 140 மில்லிமீட்டர், அதிகபட்சம் 120க்கு 235) அது அடங்கிவிடுகிறது. வழவழப்பான புகைப்படத் தாளாக இருந்தால் பின்பக்கம் பேனா பிடிக்காது, கவனம்.

அஞ்சல்தலையைப் பெரிதாக ஒன்று ஒட்டுவதைவிட, சிறிதாக மூன்று நான்கு ஒட்டுங்கள். பெறுகிறவருக்கு அதுவே பாதி மகிழ்ச்சி. சென்னை அண்ணா சாலை அஞ்சலகத்தில் உள்ள அஞ்சல்தலை சேகரிப்பாளர் பிரிவில் சிறப்பு வெளியீடுகள் கிடைக்கும்.

இன்னொன்று: முடிந்தால் கவுண்டரிலேயே கொடுத்து முத்திரை குத்தச் சொல்லுங்கள். ஓர் அஞ்சலகத்தில் (எது என்று சொல்ல மாட்டேன்) நான் கண்ணுக்குக் கண்ணாகத் தேர்ந்தெடுத்து ஒட்டிய நான்கு தலைகளின்மேல், முத்திரைக் கட்டை கைக்கு எட்டவில்லை என்பதற்காகப் பந்துமுனைப் பேனாவால் குறுக்கே இரண்டு கோடு இழுத்துவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முகவரியை எப்படி எழுத வேண்டும்?

கொடுத்தது கொடுத்தபடி, பார்த்து எழுதுங்கள். பின்னியச் சொற்களில் உயிரெழுத்துகள் இரட்டை இரட்டையாக வரும், மேலே இரண்டு புள்ளிகளும் வரும்; ஒன்றை விட்டாலும் வேறு சொல்லாகிவிடலாம். 'கத்து' என்று முடிந்தால் தெரு, 'தியே' என்றால் சாலை, 'குயா' என்றால் சந்து. தெரு எண்ணுக்குப் பிறகு வரும் எழுத்து மாடிப்படியைக் குறிக்கும், அதற்கடுத்த எண் வீட்டைக் குறிக்கும். அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம், ஊர்ப் பெயருக்கு முன்னால். நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் கடைசி வரியாக எழுதுங்கள். நம் அஞ்சலகம் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

அடையாள எண்ணை இரண்டு இடங்களில் எழுதுங்கள். முத்திரை ஒன்றின்மேல் விழுந்தாலும் இன்னொன்று தப்பும். அட்டையின் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். தரம் பிரிக்கும் இயந்திரம் அங்கே கோடுகளை அச்சிடும், நம் கடைசி வரி அதற்குப் பலியாகும். ஜெல் பேனா வேண்டாம். ஒரு தூறல் போதும்.

எத்தனை நாளில் போகும்? போகாவிட்டால்?

என் அனுபவத்தில் இரண்டு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை. கிறிஸ்துமஸை ஒட்டி இன்னும் இழுக்கும். அறுபது நாளாகியும் பதிவாகவில்லை என்றால் அந்த அட்டை காலாவதிக் கணக்கில் சேர்ந்து, அதற்குப் பதிலாக வேறு முகவரி கேட்க வழி திறக்கும். அதற்குப் பிறகு வந்து சேர்ந்தாலும், அனுப்பிய ஓராண்டுக்குள் என்றால் பதிவு செய்யலாம். 2020இல் விமானங்கள் நின்றபோது அனுப்பிய ஓர் அட்டை, நான் அதை மறந்தே போன பிறகு, ஏழரை மாதம் கழித்து தம்பெரே நகரத்தில் பதிவானது. இடையில் அது எந்தச் சாக்கில் கிடந்ததோ.

அட்டையில் என்ன எழுதுவது? எனக்கு அவ்வளவாக ஆங்கிலம் வராதே.

அவர்களுக்கும் அது தாய்மொழி அல்ல. நான்கு வரி போதும். வணக்கம், நலமா, நான் ஆசிரியர், எங்கள் ஊரில் கோட்டை இருக்கிறது என்ற பாணியில் எழுதாதீர்கள். அப்படிப்பட்ட அட்டை அவர்களிடம் ஏற்கெனவே நூறு இருக்கும். இன்று காலையில் நீங்கள் பார்த்த ஒன்றை எழுதுங்கள். நான் ஒருமுறை, எங்கள் தெருவில் கோலம் போட்டு முடித்த ஐந்தாவது நிமிடம் அதை மிதித்துவிட்டுப் போன பால்காரரைப் பற்றியும், அவருக்குக் கிடைத்த அர்ச்சனையைப் பற்றியும் எழுதினேன். அதைப் பெற்ற மூதாட்டி இன்றுவரை ஆண்டுக்கொரு முறை பால்காரர் நலமா என்று கேட்டு அட்டை போடுகிறார்.

'வணக்கம்' என்பதைத் தமிழில் எழுதுங்கள். 'கீத்தோஸ்' என்று ஒரு நன்றியும் சேர்த்துவிடுங்கள்.

எந்த மாதிரி அட்டைகளைத் தேட வேண்டும்?

அது அவரவர் பித்து. பொதுவாக எல்லோரும் முதலில் கேட்பது மூமின் அட்டைகளை. தூவே யான்சன் என்ற பெண் ஓவியர் வரைந்த, நீர்யானைபோல மூக்குப் பெருத்த வெள்ளைப் பிராணிகள். அஞ்சல்தலையில்கூட 1992 முதல் வருகின்றன. எனக்கு அவற்றில் பெரிய மோகமில்லை. நான் தேடுவது இங்கெ லூக் என்ற பின்லாந்துப் பெண் ஓவியர் வரைந்த பாட்டிகளை. சிறுவயதில் அவர் பார்த்த இரண்டு மூதாட்டிகள்தான் மாதிரியாம். குண்டுப் பாட்டிகள் இருவர் பனியில் சறுக்குவார்கள், மரமேறுவார்கள், ஏரியில் குதிப்பார்கள், வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். என்னிடம் பதினொன்று இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்காவிட்டாலும் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

யுனெஸ்கோ பட்டியலில் பின்லாந்துக்கு ஏழு இடங்கள் உண்டு. அந்த ஏழையும் அட்டையாகச் சேர்ப்பது நல்ல தொடக்கம். ஹெல்சிங்கிக்கு எதிரே தீவுகளின்மேல் கட்டிய சுவோமென்லின்னா கோட்டை சுலபமாகக் கிடைக்கும். அதற்கு ஈடாக நான் வேலூர்க் கோட்டையை அனுப்புவேன், கோட்டைக்குக் கோட்டை. பெட்டயவேசியில் 1760களில் மரத்தால் கட்டிய தேவாலயமும் கிடைத்துவிட்டது. பூமியின் அளவைக் கணக்கிடுவதற்காகக் குறித்த ஸ்ட்ரூவ அளவைப் புள்ளிகளின் அட்டைதான் லேசில் கிடைப்பதில்லை.

ஓலாந்துத் தீவுகள் பின்லாந்தைச் சேர்ந்தவை என்றாலும் ஸ்வீடிஷ் மொழி பேசும் தன்னாட்சிப் பகுதி. 1984 முதல் சொந்த அஞ்சல்தலை வெளியிடுகின்றன. அவற்றை எந்தக் கணக்கில் வைப்பது என்று சேகரிப்பாளர்களுக்குள் சண்டை உண்டு. நான் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

படம், அஞ்சல்தலை, முத்திரை மூன்றும் ஒரே பொருளைப் பற்றியதாக அமைந்தால் அதற்கு மாக்சிமம் அட்டை என்று பெயர். தலையை அட்டையின் படப் பக்கத்திலேயே ஒட்டுவார்கள். அதில் இறங்கினால் செலவு பிடிக்கும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் அஞ்சலகம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ரோவனியெமி நகருக்கு அருகே, ஆர்க்டிக் வட்டக் கோட்டின்மேல், பின்லாந்து அஞ்சல் நிறுவனமே நடத்தும் முறையான அஞ்சலகம். அஞ்சல் குறியீடு 96930. அங்கே போடும் அட்டைக்கு ஆர்க்டிக் வட்டச் சிறப்பு முத்திரை விழும். இரண்டு பெட்டிகள் உண்டு: ஒன்று உடனே அனுப்ப, இன்னொன்று அடுத்த கிறிஸ்துமஸ் வரை வைத்திருந்து அனுப்ப. அந்த முத்திரை விழுந்த ஓர் அட்டை என்னிடமும் இருக்கிறது. சுற்றுலா போன ஒரு ஹெல்சிங்கி ஆசிரியை அனுப்பினார். வெப்பநிலை எழுத மறந்துவிட்டார். அதை எங்கே அடுக்குவது என்று தெரியாமல் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

முன்பின் தெரியாதவருக்கு வீட்டு முகவரி கொடுப்பது ஆபத்தில்லையா?

கவலையாக இருந்தால் அஞ்சலகத்தில் தபால் பெட்டி எண் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகள் சேர்வதாக இருந்தால் பெற்றோர் பெயரிலும் கண்காணிப்பிலும் சேரட்டும். அட்டை திறந்த கடிதம். போகிற வழியில் எல்லோரும் படிப்பார்கள். எங்கள் தபால்காரர் படித்துவிட்டு, "சார், அந்த அம்மாவுக்கு முட்டி வலி குறைந்துவிட்டதாம்" என்று படியேறும்போதே சொல்லிவிடுவார். ஆக, ரகசியம் எழுதாதீர்கள்.

உறையில் வைத்து அனுப்பினால் தாள் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். விதை, மசாலாப் பொட்டலம், பொட்டு அட்டை எல்லாம் சரக்குக் கணக்கில் சேர்ந்து சுங்கப் படிவம் கேட்கும்.

எப்படிப் பாதுகாப்பது?

உப்புக் காற்றும் ஈரமும் கடற்கரை ஊர்களுக்குப் பகை. எங்களுக்கு இராமபாணப் பூச்சிதான் பகை. அட்டைகளை பாலிபுரோப்பிலீன் உறையில் போடுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்துவிடும். பெட்டிக்குள் வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். பாட்டி சொன்ன வழி. ஆண்டுக்கு இரண்டு முறை வெளியே எடுத்து, நிழலில் விசிறிக் காற்றில் ஆறவிட வேண்டும். இரப்பர் வளையம் போட்டுக் கட்டவே கட்டாதீர்கள்.

கடிதமே எழுதாத காலத்தில் இது எத்தனை நாள் ஓடும்?

உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது. பின்லாந்தில் 1871இல், இந்தியாவில் 1879இல். 2025 இறுதியில் டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனம் நானூறு ஆண்டுப் பழக்கத்தை விட்டுக் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அங்கே கடிதங்களை இப்போது ஒரு தனியார் நிறுவனம் எடுத்துப் போகிறது. செய்தியைப் படித்த அன்று பின்லாந்து நண்பர்கள் இருவருக்குப் பதற்றமாக எழுதினேன். ஒருவர் பதில் எழுதினார்: 'எங்கள் தெருமுனை ஆரஞ்சுப் பெட்டி இன்னும் அப்படியே நிற்கிறது. உன் அட்டையைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மைனஸ் 11.'

இன்னும் உங்களுக்கு வராத அட்டை எது?

பின்லாந்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 51.5, 1999 ஜனவரியில், வடக்கே கித்திலாவில். அதற்கெல்லாம் நான் ஆசைப்படவில்லை. என் அடுக்கில் மைனஸ் 27 இருக்கிறது, மைனஸ் 33 இருக்கிறது. நடுவில் மைனஸ் 30க்கு ஒரு வெற்று உறையை வைத்திருக்கிறேன். சென்ற ஜனவரியில் ஒருவர் அனுப்பியது மைனஸ் 29.5. அரை டிகிரி கூட்டி மைனஸ் 30 என்று எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, வாசலில் போய் வெப்பமானியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதியதாகக் கொஞ்சம் கோபமாகவே பதில் வந்தது.